பிடுங்குகிறவனும் ஆட்டுவிக்கிறவனும்

லெக்ஸ் லூதருக்குப் பறக்கத் தெரியாது. கண்ணிலிருந்து அனலும் வராது. 1940இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 23ஆம் இதழில் சீகலும் ஷூஸ்டரும் அவனை இறக்கிவிட்டபோது அவனிடம் இருந்த முதல் மூளை ஒன்றுதான். கோடீஸ்வரத் தொழிலதிபர் வேஷமெல்லாம் 1986க்குப் பிறகு வந்தது. கொரில்லா க்ராட் வேறு ரகம். 1959இல் ‘தி ஃப்ளாஷ்’ 106ஆம் இதழில் ஜான் ப்ரூம் எழுத, கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்து வெளிவந்த அந்தக் குரங்கு, அடுத்தவன் மண்டைக்குள் புகுந்து அவன் கையாலேயே காரியத்தை முடித்துக்கொள்ளும். 1964இல் ‘டேர்டெவில்’ நான்காம் இதழில் வந்த கில்கிரேவ் என்கிற பர்ப்பிள் மேனும், அதற்கும் முன்பே 1948இல் பேட்மேனிடம் மாட்டிய மேட் ஹேட்டரும் அதே ஜாதிதான். கதையில் இவர்களைப் படிக்கும்போது எல்லோரும் ஒன்றுபோலவே தெரிவார்கள்: உடம்பைவிட மூளையை நம்பிப் பிழைக்கிற வில்லன்கள். ஹீரோக்ளிக்ஸ் மேசையில் வைத்தால்தான் இவர்கள் இரண்டு தனித்தனித் தொழில்காரர்கள் என்பது விளங்கும். லூதர் வகையறா எதிராளியிடமிருந்து பிடுங்குகிறவர்கள். க்ராட் வகையறா எதிராளியை ஆட்டுவிக்கிறவர்கள்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்கு நாலு வரி. அமெரிக்காவின் விஸ்கிட்ஸ் நிறுவனம் 2002இல் ஹீரோக்ளிக்ஸைக் கொண்டுவந்தது. ஜோர்டன் வைஸ்மனின் அந்தக் கம்பெனி அதற்கு இரண்டாண்டு முன்பே ‘மேஜ் நைட்’ ஆட்டத்தில் புழக்கத்துக்கு விட்ட சுழலும் அடித்தட்டுதான் இதற்கும் உயிர். பொம்மையின் அடியில் ஒரு டயல். டயலின் ஜன்னல் வழியே வேகம், தாக்கு, தற்காப்பு, சேதம் என்று நான்கு எண்கள். எண்ணின் பின்னால் நிறம் இருந்தால் அது ஒரு சக்தி. அடி விழ விழ டயலை ஒவ்வொரு ‘க்ளிக்’காகத் திருப்ப வேண்டும், எண்கள் தேயும், நிறங்கள் மாறும் அல்லது மறையும். தாக்குவதற்கு இரண்டு பகடை உருட்டி, தாக்கு எண்ணோடு கூட்டினால் எதிராளியின் தற்காப்பு எண்ணை எட்ட வேண்டும். ஒவ்வொரு பொம்மைக்கும் புள்ளியில் ஒரு விலை; வழக்கமான ஆட்டத்தில் அணிக்கு 300 புள்ளி. 100 புள்ளிக்கு ஒன்று வீதம் முறைக்கு மூன்று ஆக்‌ஷன். ஒரே பொம்மையை அடுத்தடுத்த இரண்டு முறைகளில் வேலை வாங்கினால் களைப்புக் கணக்கில் அதற்கே ஒரு க்ளிக் சேதம்.

இந்த விதிகளைப் பின்னால் பலமுறை திருத்தி எழுதிவிட்டார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஆரம்ப ஆண்டுகளின் விதிகளை. இரண்டு சக்திகளின் எலும்புக்கூடும் அதில்தான் பளிச்சென்று தெரிகிறது.

லூதர் பொம்மைகள் பலவற்றில் இருக்கும் சக்தி ‘அவுட்விட்’. உங்கள் முறையில் ஒரு தடவை, பத்துக் கட்டத்துக்குள் பார்வைக் கோட்டில் நிற்கும் எதிரிப் பொம்மை ஒன்றைக் காட்டி, அதன் சக்திகளில் ஒன்றைச் சொன்னால் போதும். உங்கள் அடுத்த முறை வரும்வரை அந்தச் சக்தி இல்லை. பகடை கிடையாது. ஆக்‌ஷன் செலவு கிடையாது. களைப்பும் கிடையாது. க்ராட், கில்கிரேவ், மேட் ஹேட்டரிடம் இருப்பது ‘மைண்ட் கண்ட்ரோல்’. இதற்கு ஒரு ஆக்‌ஷன் செலவழித்து முறையாகத் தாக்க வேண்டும். பட்டால் சேதம் இல்லை. அதற்குப் பதிலாக எதிரிப் பொம்மை அந்தக் கணத்துக்கு உங்கள் ஆள். அதை நகர்த்தலாம், இல்லையென்றால் அதன் கூட்டாளியையே தாக்க வைக்கலாம். பிடித்த ஆள் பெரிய புள்ளியாக இருந்தால் ஒவ்வொரு 100 புள்ளிக்கும் ஒரு க்ளிக் பிடித்தவன் தலையில் விழும். பெரிய மனத்தை அடக்கினால் தலைவலி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். பிற்கால விதிகளின் மென்மையைவிட எனக்கு இந்தத் தண்டனைதான் கதைக்குப் பொருத்தமாகப் படுகிறது.

புதிதாக ஆடவருகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் இரண்டாவதில்தான் மயங்குவார்கள் என்று தைரியமாகச் சொல்வேன். சூப்பர்மேனை வைத்தே வொண்டர் வுமனை அடிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசைக்கு ஆட்டம் எங்கே விலை போட்டிருக்கிறது என்பது டயலைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்.

நான்கு எண்களில் ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு சக்தியைத்தான் தாங்கும். மைண்ட் கண்ட்ரோல் வேக எண்ணின் இடத்தில் வருவது. அவுட்விட் சேத எண்ணின் இடத்தில் வருவது. சிறு விஷயம்போலத் தெரியும், ஆனால் பாதி உத்தி இதற்குள்ளேயே இருக்கிறது. ஓடிக்கொண்டே சுடும் ‘ரன்னிங் ஷாட்’, பாய்ந்து அடிக்கும் ‘சார்ஜ்’, மறைவிடத்தில் நின்றால் கண்ணுக்கே தெரியாத ‘ஸ்டெல்த்’ எல்லாமே வேகத்தின் இடத்தைப் பிடிப்பவை. ஆகவே டயலில் மைண்ட் கண்ட்ரோல் தெரியும்போது அந்த ஆளால் நகர்ந்து தாக்க முடியாது, ஒளியவும் முடியாது. இந்த முறை நடந்து, அடுத்த முறை பிடிக்க வேண்டும். அடுத்தடுத்து வேலை என்பதால் களைப்புச் சேதம். பிடிபட்டவன் பெரிய ஆளானால் அதற்குத் தனிச் சேதம். டயலின் மேல்பகுதியில் மட்டும் சக்தி வைத்திருக்கும் நோஞ்சான் வில்லன் எதிராளி தொடாமலேயே இரண்டு மூன்று க்ளிக் கீழே போய்விடுவான். நான்காவது க்ளிக்கில் திருப்பிப் பார்த்தால் மைண்ட் கண்ட்ரோலின் நிறமே காணாமல் போயிருக்கும். அதற்குப் பிறகு அவன் வெறும் குரங்கு.

அவுட்விட் வைத்திருப்பவனுக்கு வேக இடம் காலி. அங்கே ஸ்டெல்த் வைத்த பொம்மைகளும் உண்டு. அப்படிப்பட்டவன் புதர்க் கட்டத்தில் நின்றுகொண்டு, தன்னைச் சுட முடியாதவர்களிடமிருந்து முறைக்கு ஒரு சக்தியைப் பிடுங்கிக்கொண்டே இருப்பான்.

பத்துக் கட்டம் என்பதையும் யோசியுங்கள். மேப்பின் நீளமே 24 கட்டம்தான். நடுவில் ஒரு மேட்டில் நின்றால் ஆட்டத்தில் பெரும்பகுதி அவுட்விட் ஆளின் பார்வைக்குள் வந்துவிடும். அவனுடைய சுடும் தூரம் என்னவென்பது பொருட்டே இல்லை. மைண்ட் கண்ட்ரோலுக்கு அந்தப் பொம்மையின் சொந்தத் தூரம்தான் கணக்கு. அது ஆறு கட்டம் என்றால், பிடிக்கப் போகிறவனும் பிடிபடப் போகிறவன் பாய்ந்து எட்டும் தூரத்துக்குள் போய் நிற்க வேண்டியதுதான்.

பறக்கும் பொம்மை ஒரு கூட்டாளியைச் சுமந்து செல்லலாம். ஆட்டக்காரர்கள் அதை ‘டாக்ஸி’ என்பார்கள். சுமக்கப்பட்டவனுக்கு அந்த முறையில் ஆக்‌ஷன் கொடுக்க முடியாது. க்ராட்டை இறக்கிவிட்டால் எதிராளியின் முறை முழுக்க அவன் கைகட்டி நின்று அடி வாங்கக் காத்திருப்பான். அவுட்விட்டுக்கு ஆக்‌ஷனே தேவையில்லாததால் லூதர் இறங்கிய கையோடு வேலையைத் தொடங்கிவிடுவான். இரண்டு வில்லன்களையும் ஒரே மாதிரி டாக்ஸியில் அனுப்புகிறவர்கள் க்ராட்டை அநேகமாக எதிராளியின் அடுத்த முறையிலேயே இழக்கிறார்கள்.

இனி கணக்கு. இரண்டு பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழ 36இல் 21 வாய்ப்பு, அதாவது 58.3 சதவீதம். 6 அல்லது அதற்கு மேல் என்றால் 72.2. 9 வேண்டுமென்றால் 27.8க்கு இறங்கிவிடும். உங்கள் முரடன் ஒருவனுக்குத் தாக்கு 10, சேதம் 4. எதிரே தற்காப்பு 17, வரும் சேதத்தில் இரண்டைக் குறைக்கும் ‘இன்வல்னரபிலிட்டி’ உள்ள ஹீரோ. 7 விழுந்தால் இரண்டு க்ளிக். அவுட்விட் அந்தக் கவசத்தைக் கழற்றினால் அதே அடி நான்கு க்ளிக். ஆக அவுட்விட்டின் பங்கு சராசரியாக 1.17 க்ளிக்.

இப்போது மைண்ட் கண்ட்ரோல். தாக்கு 10 உள்ள வில்லன் அதே 17ஐப் பிடிக்க 58.3 சதவீதம். பிடிபட்ட ஹீரோவின் தாக்கு 11, சேதம் 4; அடிக்கப்போவது தற்காப்பு 17, ஒரு சேதத்தைக் குறைக்கும் ‘டஃப்னெஸ்’ உள்ள கூட்டாளியை. அந்த அடி பட 72.2 சதவீதம். இரண்டும் நடக்க 42 சதவீதம், பட்டால் மூன்று க்ளிக், சராசரி 1.26. இரட்டை ஆறு விழுந்தால் கூடும் உபரிச் சேதத்தை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன்.

1.17க்கும் 1.26க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முதலாவதுக்கு லூதர் எதுவும் செலவழிக்கவில்லை. முரடன் எப்படியும் அடிக்கத்தான் போகிறான். இரண்டாவதுக்கு மூன்றில் ஒரு ஆக்‌ஷன் போயிற்று, களைப்புக் கணக்கும் தொடங்கியது, 150 புள்ளி ஹீரோ பிடிபட்டால் ஒரு க்ளிக் தலைவலியும் உறுதி. அதைக் கழித்தால் க்ராட்டின் லாபம் சராசரியில் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, மைண்ட் கண்ட்ரோல் 58 சதவீதக் கதவைத் தாண்டாவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை.

இதனால் அவுட்விட்தான் எப்போதும் மேல் என்று முடித்துவிடலாமா என்றால், கூடாது. மேலே போட்ட கணக்கில் ஒரு முரடன் இருந்தான் என்பதைக் கவனித்தீர்களா? அவனை எடுத்துவிட்டால் லூதரின் 1.17 சுழியமாகிவிடும். அவுட்விட் பெருக்கல் குறி. பக்கத்தில் எண் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. மலிவான அடியாட்களையும் ஒரே ஒரு மூளைக்கார வில்லனையும் வைத்து அணி கட்டுகிறவர் லூதரை எடுத்தால், சூப்பர்மேனின் கவசம் முறைக்கு முறை கழன்றுகொண்டே இருக்கும், அடிக்கத்தான் ஆளிருக்காது. அந்த அணிக்கு க்ராட்தான் சரி. அடிக்கும் கையை அவன் எதிராளியிடமிருந்தே கடன் வாங்கிக்கொள்வான்.

கவசத்தைப் பொறுத்தும் இருவருக்கும் நடத்தை வேறு. சேதத்தைக் குறைக்கும் எந்தச் சக்தியும் மைண்ட் கண்ட்ரோலைத் தடுக்காது. அங்கே குறைக்கச் சேதமே இல்லையே. ‘இம்பெர்வியஸ்’ போட்ட சூப்பர்மேன் சாதாரண அடியில் பகடை 5, 6 விழுந்தால் முழுவதையும் உதறுவான், இல்லாவிட்டால் இரண்டைக் குறைப்பான். க்ராட்டுக்கு அந்தக் கவசம் காற்று. ‘சூப்பர் சென்சஸ்’ வைத்து நழுவும் ஃப்ளாஷ்தான் அவனுக்குத் தொல்லை, ஏனென்றால் அது அடியையே தவிர்க்கும் சக்தி. ‘பேட்டில் ஃப்யூரி’ உள்ளவர்களை மைண்ட் கண்ட்ரோல் குறிவைக்கவே முடியாது. வெறி தலைக்கேறியவன் மண்டையில் அடுத்தவன் புக இடமில்லை என்று விதியை எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்த விதிகளில் அதுவும் ஒன்று. லூதரோ அந்த வெறியையும் பிடுங்கிவிடுவான்.

யாரைப் பிடிப்பது என்பதைவிட, பிடித்தபின் என்ன செய்வது என்பதில்தான் க்ராட்டின் திறமை. பிடிபட்ட ஹீரோ உங்கள் பக்கத்து ஆள் என்பதால், அவன் பக்கத்தில் நிற்கும் பழைய நண்பர்கள் அந்தக் கணம் எதிரிகள். அவர்களிடமிருந்து விலகி நகர அவன் ஒரு பகடை உருட்டி 4 அல்லது மேலே பெற வேண்டும். ஆகவே கூட்டத்தில் நிற்பவனைப் பிடித்தால் அடிக்க வையுங்கள். தனியே நிற்பவனைப் பிடித்தால் நகர்த்துங்கள். நகர்த்துவதைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் அதுதான் மேலான பயன். மாடியில் நின்று சுட்டுக்கொண்டிருந்தவனைத் தெருவுக்கு இறக்கி, உங்கள் முரடனின் மூக்கு நுனியில் நிறுத்துங்கள். மீதமுள்ள இரண்டு ஆக்‌ஷனில் அவனைக் கவனித்துக்கொள்ளலாம். உயிர் பிழைத்தாலும் எதிராளி தன் முறையில் பாதியை அவனைப் பழைய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பதில் தொலைப்பார்.

எதிரணியின் உருவத்தைப் பார்த்தே பாதி முடிவு செய்துவிடலாம். 300 புள்ளிக்கும் ஒரே ராட்சதனை வைத்து வருகிறவரிடம் க்ராட் திணறுவான்; அடிக்க வைக்கக் கூட்டாளியே இல்லை, நகர்த்துவதற்கே மூன்று க்ளிக் தலைவலி. அங்கே லூதர் ராஜா. எதிராளியின் பலமெல்லாம் ஒரே டயலில் இருப்பதால் முறைக்கு ஒரு சக்தி போவது முழு அணிக்கும் வலிக்கும். இருபது புள்ளிக்கும் குறைவான அடியாட்கள் கூட்டமாக வந்தால் இரண்டு பேருமே வீண்செலவு. இரண்டு மூன்று பெரிய ஹீரோக்கள் தோளோடு தோள் உரசி வருவதுதான் க்ராட்டுக்கு விருந்து.

லூதரின் கலை வேறிடத்தில். பிடுங்குவது சுலபம், எதைப் பிடுங்குவது என்பதில்தான் ஆட்டம். எதிரே ஃப்ளாஷ். ஓடிவந்து அடித்துவிட்டு மறுபடி ஓடும் ‘ஹைப்பர்சோனிக் ஸ்பீட்’ ஒன்று, நழுவும் சூப்பர் சென்சஸ் ஒன்று. இரண்டில் ஒன்றைத்தான் தொடலாம். இந்த முறையே அவனை அடிக்க உங்களிடம் ஆள் எட்டினால் சென்சஸைப் பிடுங்க வேண்டும். எட்டாவிட்டால் அதைப் பிடுங்கிப் பயனில்லை; கால்களை முடக்க வேண்டும். உங்கள் அடுத்த முறைவரை தடை நீடிப்பதால், எதிராளியின் முறையில் ஃப்ளாஷ் நடக்கலாம் அல்லது அடிக்கலாம், இரண்டையும் ஒரே ஆக்‌ஷனில் செய்ய முடியாது. அவுட்விட்டை வெறும் கவச உடைப்பாக மட்டும் ஆடுகிறவர்கள் அதன் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தாக்கப் போவதில்லை என்று தெரிந்த முறைகளில் அது தற்காப்பு ஆயுதம். மைண்ட் கண்ட்ரோலுக்கு அப்படி ஒரு காத்திருக்கும் குணம் கிடையாது.

லூதரின் பகைவன் இன்னொரு லூதர். பேட்மேன், ப்ளாக் பாந்தர், ரீட் ரிச்சர்ட்ஸ் பொம்மைகள் பலவற்றிலும் அவுட்விட் உண்டு. அவுட்விட்டையே அவுட்விட் செய்யலாம். பார்வைக் கோடு இருபக்கமும் ஒன்றுதான்: நான் உன்னைப் பார்த்தால் நீயும் என்னைப் பார்க்கிறாய். யார் முறை முதலில் வருகிறதோ அவர் கை ஓங்கும். ஆகவே பத்துக் கட்ட எல்லைக்கு வெளியே ஒரு கட்டம் தள்ளி நின்று, எதிராளியை முதலில் உள்ளே வரவைக்கும் பொறுமை வேண்டும். பேட்மேன் கூட்டாளிகளின் அணித் திறனோ மறைவிடத்தில் ஸ்டெல்த் தருவது. அணித் திறன்களை அவுட்விட்டால் தொட முடியாது. அவன் பார்ப்பான், லூதரால் அவனைப் பார்க்க முடியாது. அந்த மோதலை லூதர் தவிர்ப்பதே நல்லது.

காவலுக்கு இருவருக்குமே மலிவான ஆட்கள் வேண்டும். தற்காப்பு இடத்தில் ‘மாஸ்டர்மைண்ட்’ இருந்தால், தன்மேல் விழும் அடியைப் பக்கத்தில் நிற்கும் குறைந்த புள்ளி ஆளின் தலையில் தள்ளிவிடலாம். ஹைட்ரா சிப்பாய்களும் பெயரற்ற ரவுடிகளும் இருப்பதே அதற்காகத்தான் என்று தோன்றும். லூதர் பின்வரிசையிலேயே நிற்பதால் இரண்டு ஆட்கள் போதும். முன்னே போக வேண்டிய க்ராட்டோடு அவர்களும் நடக்க வேண்டும். அது ஒவ்வொன்றும் ஒரு ஆக்‌ஷன். 300 புள்ளி ஆட்டத்தில் மூன்று ஆக்‌ஷனில் மெய்க்காப்பாளர் ஊர்வலம் நடத்திக் கட்டுப்படியாகாது.

துணைக்கு யாரைச் சேர்ப்பது என்பதும் பிரியும். பகடையை மறுபடி உருட்ட வைக்கும் ‘ப்ராபபிலிட்டி கண்ட்ரோல்’ பக்கத்தில் இருந்தால் க்ராட்டின் 58 சதவீதம் 82.6 ஆகும். லூதரின் வேலையில் பகடையே இல்லாததால் அவனுக்கு நேரடியாக ஒன்றும் சேராது.

இருவரையும் ஒரே அணியில் வைத்தால் வரிசைதான் முக்கியம். தூரத்திலிருந்து வரும் தாக்குதலுக்குத் தற்காப்பை 17இலிருந்து 19 ஆக்கும் ‘எனர்ஜி ஷீல்ட்’ உள்ளவனை க்ராட் பிடிக்க நினைத்தால் 9 விழ வேண்டும். முதலில் லூதர் அந்த ஷீல்டைப் பிடுங்கினால் 7 போதும். 28 சதவீதம் 58 ஆகிறது, செலவில்லாமல். ஷீல்ட் இல்லாதவனைப் பிடிக்கிறீர்கள் என்றால் அவுட்விட்டை அவன்மேல் வீணாக்காதீர்கள். அவனிடம் அடி வாங்கப்போகும் கூட்டாளியின் கவசத்துக்கு வைத்திருங்கள். அவுட்விட் ஆக்‌ஷன் இல்லை என்பதால் பிடித்து முடித்து, பகடையைப் பார்த்தபிறகுகூட லூதருக்கு அந்தத் தடவை பாக்கி இருக்கும். மைண்ட் கண்ட்ரோல் தவறிப்போனால் முரடனுக்கு உதவலாம்.

ஆனால் இரண்டு மூளைகளை வாங்கியபின் 300இல் அடிக்கும் ஆளுக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். என் அணியில் முரடனுக்குப் பிறகு எழுதப்படும் பெயர் லூதர். எதிராளி இரண்டு பெரிய ஹீரோக்களை ஒட்டி ஒட்டி நடத்துகிற பழக்கமுள்ளவர் என்று தெரிந்தால் மட்டும் க்ராட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பேன். ஒரு முறை மாட்டிக்கொண்டால் அடுத்த ஆட்டத்தில் அவர் தன் ஆட்களை நாலு கட்டம் இடைவெளி விட்டுத்தான் நிறுத்துவார். அப்படிச் சிதறி நின்றவர்களை ஒவ்வொருவராகக் கவசம் கழற்றி அடிக்க லூதரும் முரடனும் போதும். க்ராட்டின் புள்ளியை அந்த ஆட்டத்தில் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.